மார்பில் வலி வந்தபோது: ஒரு பெண் எழுதியதும், அதைப் படித்து மற்ற நால்வர் எழுதியதும்

குளித்துவிட்டுத் துண்டால் துடைக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. இடது மார்பின் மேல்பக்கம், அக்குளை ஒட்டிய இடம், துணி பட்டாலே வலித்தது. வலது மார்பும் கனத்துத்தான் இருந்தது, இடது வலியில் அது உறைக்கவில்லை. பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. இரவில் விளக்கை அணைத்த பிறகு, கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். தடவத் தடவ எல்லாமே கட்டி மாதிரிதான் இருந்தது. அப்புறம் ஒருநாள் காலை வலி தானாகவே போய்விட்டது. அடுத்த மாதம் திரும்ப வந்தது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வலி எந்தத் தேதியில் ஆரம்பித்தது, பீரியட்ஸ் எப்போது வந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. கையால் சோதித்துவிட்டு, இரண்டு மாதம் காலண்டரில் குறிக்கச் சொன்னார். லேசான வலிக்கு ஒரு புள்ளி, கடும் வலிக்குப் பெருக்கல் குறி, மாதவிடாய் தொடங்கும் நாளுக்கு வட்டம். இரண்டாம் மாதம் முடிந்ததும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் புள்ளிகள் தொடங்கி, பெருக்கலாக மாறி, வட்டம் வந்ததும் அடங்கியிருந்தன.

கருமுட்டை வெளியான பிறகு ஹார்மோன்கள் ஏறி இறங்குவதால் மார்பின் சுரப்பித் திசு வீங்கிக் கனக்கிறதாம். அந்தத் திசு அக்குள் பக்கம் அதிகம், அதனால்தான் அங்கே வலி. கட்டி போன்ற வேறு மாற்றம் எதுவும் இல்லாமல், வலி மட்டும் புற்றுநோயின் அறிகுறியாக இருப்பது மிக அரிது என்றார். அதைக் கேட்டதும் வலியே பாதி குறைந்த மாதிரி இருந்தது.

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிராவின் அளவை முதல்முறையாக ஒழுங்காக எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் தப்பான அளவைத்தான் போட்டிருக்கிறேன். வலி நாட்களில் தூங்கும்போதும் மென்மையான பிரா, வலிக்கும் இடத்தில் டைக்ளோஃபெனாக் ஜெல், முடியாத நாளில் பாராசிட்டமால். ஈவ்னிங் பிரிம்ரோஸ் மாத்திரையைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆய்வுகளில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்ததாகத் தெரியவில்லை என்று மருத்துவர் சொன்னதால் வாங்கவில்லை. டானசோல், டமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மருந்துகளும் உண்டு. பக்கவிளைவுகள் அதிகம் என்பதால், அன்றாட வேலையே முடங்கும் அளவு வலி உள்ளவர்களுக்குத்தான் கொடுப்பார்களாம்.

*

அக்கா, எனக்கு மாதக் கணக்கெல்லாம் இல்லை. வலது மார்பின் உள்பக்கம், ஒரே இடம், விரல் வைத்துக் காட்டலாம். மருத்துவர் என்னை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மார்பு அந்தப் பக்கம் சாய்ந்ததும், அடியில் இருந்த விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தை ஒரு விரலால் அழுத்தினார். துள்ளிவிட்டேன். அதே வலி! வலி மார்பகத்தில் இல்லை, விலாக் குருத்தெலும்பின் அழற்சி. முந்தைய வாரம் வீடு மாற்றியபோது பெட்டிகளைத் தூக்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இபுப்ரோஃபென் சில நாள், பாரம் தூக்காமல் சில வாரம், சரியாகிவிட்டது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலி, மூச்சுத் திணறல், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் இதயமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

*

எனக்குக் கருத்தடை மாத்திரை ஆரம்பித்த புதிதில் மார்பு வலி வந்தது. மூன்று மாதத்தில் தானாகவே அடங்கியது.

*

குழந்தை பிறந்து மூன்றாவது வாரம். மார்பின் ஒரு பக்கம் ஆப்பு வடிவில் சிவந்து, தொட்டால் சுட்டது. குளிர்க் காய்ச்சல் வேறு. பால் கெட்டிருக்கும், கொடுக்காதே என்றார்கள். அழுதுகொண்டே ஒரு நாள் முழுக்க நிறுத்தினேன், வீக்கம் கூடியதுதான் மிச்சம். பால் கெடவில்லை, குழந்தைக்கு எப்போதும் போலக் கொடுக்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னபோது எனக்கு வந்த கோபம்! பால் கட்டியிருக்கிறது என்று அழுத்தித் தேய்க்கவும் கூடாதாம், கூடுதலாகக் கறந்து எடுக்கவும் கூடாதாம். குளிர் ஒத்தடம், வலி மாத்திரை, ஒரு நாளில் குறையாததால் ஆன்டிபயாட்டிக். சீழ் கட்டியிருந்தால் ஊசி வைத்து எடுக்க வேண்டியிருந்திருக்கும், நல்லவேளை அதுவரை போகவில்லை. இப்போது பால் கொடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், காய்ச்சலோடு காத்திருக்காதீர்கள்.

*

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். என் கதை நேர்மாறு. எனக்கு வலிக்கவே இல்லை. பட்டாணி அளவில் கெட்டியான ஒரு கட்டி, வலி இல்லையே என்று ஐந்து மாதம் விட்டுவிட்டேன். மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை, பிறகு அறுவை சிகிச்சை. சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறேன். அந்த ஐந்து மாதம் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிப் புள்ளியான தடிப்பு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து ரத்தம், இதில் எது இருந்தாலும் வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் காட்டிவிடுங்கள். முதலில் எழுதிய தோழிக்கு: காலண்டரை நிறுத்த வேண்டாம். வட்டம் வந்த பிறகும் ஒரே இடத்தில் புள்ளி தொடர்ந்தால், அடுத்த மாதம் வரை பொறுக்காமல் அந்தத் தாளோடு போய்க் காட்டுங்கள்.