நூறடிக் கணக்கும் எங்கள் ஏலக்காடும்

கேரளத்து இடுக்கியில் சாந்தன்பாறைப் பக்கம், மலைவிளிம்பில் எங்கள் ஏலத்தோட்டம். கிழக்கே எட்டிப் பார்த்தால் கீழே தேனி மாவட்டம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேற வந்தவர்கள் தீயில் மாட்டிக்கொண்டதற்குப் பிறகு, மாசி பிறந்தாலே எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

காட்டுத்தீயிலிருந்து வீட்டைக் காக்க அந்த ஊரில் வைத்திருக்கும் விதியை, கலிபோர்னியாவில் இருக்கும் மச்சான் அனுப்பினார். வீட்டைச் சுற்றி 30 அடிக்குக் காய்ந்த புல், சருகு கிடக்கக் கூடாது. அதைத் தாண்டி 100 அடி வரை புல் 4 அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது. சரி என்று ஏப்ரலில் ஆள் விட்டு 30 அடியையும் சுரண்டி எடுத்தேன். ஏலத்துக்கு வேர் மேலாகத்தான் ஓடும், சருகுதான் போர்வை. வீட்டை ஒட்டிய இரண்டு வரிசை அப்போதே வாடிவிட்டது. ஜூனில் மழை இறங்கியதும் மேல்மண் சரிவோடு போனது. வெறும் மண்ணில் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடி முளைத்து (பெயரை நான் வைக்கவில்லை), தை மாதம் தோளுயரக் காய்ந்த குச்சியாக நின்றது. காசு கொடுத்து விறகு வளர்த்த மாதிரி.

இப்போது சுவரை ஒட்டிய 5 அடி மட்டும் கறார். அங்கே அடுக்கியிருந்த விறகைக் கொட்டகைக்கு மாற்றினேன். தீப்பொறி பறந்து வந்து விழுவது ஓட்டு இடுக்குச் சருகில்தான், அதைக் கோடை முழுக்க வாரம் ஒருமுறை தள்ளுகிறோம். ஏலத்தடியில் கை வைப்பதில்லை, நிழல்மரமும் அப்படியே. கூலியெல்லாம் கிழக்குச் சரிவுப் புல்லுக்குத்தான், ஏனென்றால் தீ மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். வடகிழக்கு மழை ஓய்ந்ததும் அறுத்துவிடுகிறோம்.

சின்னக்கானலிலிருந்து ஒருவர் எழுதியது:
அண்ணே, பச்சை வேலி நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டைச் சுற்றி வாழை வைத்தேன். தண்டில் தண்ணீர், தீ அண்டாது என்று கணக்கு. தீ வரவில்லை, யானை வந்தது. அரிக்கொம்பன் என்கிற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போனார்கள், மற்றவை இங்கேதானே இருக்கின்றன! வாழையோடு வேலியும் போச்சு.

மறையூரிலிருந்து இன்னொருவர்:
எங்களுக்கு மழை குறைவு, ஏலக்காட்டுக் கணக்கு செல்லாது. இங்கே பயம் தைலப்புல்தான் (எலுமிச்சை வாசம் வரும் புல்), காய்ந்துவிட்டால் அது பற்றுகிற வேகமே தனி. காய்வதற்குள் அறுத்து எண்ணெய் காய்ச்சக் கொடுத்துவிடுகிறோம். தாத்தா காலத்தில் கூரையே அந்தப் புல்தான். அதனால் கோடையில் பாட்டி அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடுவாராம், காற்று அடித்தால் அன்றைக்குப் பழைய சோறு.