பாடும் மீனைப் பதியப் பார்க்கிறேன், றாஸ்பெரி பையில் மைக் கேட்கவில்லை

வாவிக்கரையான்:
துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று அம்மப்பா சின்ன வயதில் காட்டித் தந்தவர். அதை ஒரு முழு இரவு மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பதிந்து பார்க்க ஆசை. பாவித்த றாஸ்பெரி பை 3 (கையளவுக் கணினி போர்ட்) ஒன்று வாங்கி, மைக்குக்குப் பதிலாக, அதிர்வை மின்சாரமாக்கும் பைசோ தகட்டில் வயர் ஒட்டி, மெழுகு பூசி, ஹெட்போன் ஓட்டையில் குத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. வயரை மூன்று தரம் மாற்றியாயிற்று. போர்ட்தான் பழுதா?

காத்தான்குடி நானா:
தம்பி, போர்டில் பிழை இல்லை. அந்த 3.5 மில்லிமீற்றர் ஜாக் சத்தத்தையும் வீடியோவையும் வெளியே விட மட்டுந்தான், உள்ளே எடுக்க வழியே கிடையாது. விரலளவு யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று பூட்டுங்கள். 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட், மோனோவில் பதிந்தால் நிமிடத்துக்கு 5 எம்பி போகும், மணிக்கு 300க்குக் கொஞ்சம் மேல், மெமரி கார்டுக்கு அது பெரிய பாரமில்லை. ஆனால் விடிய விடிய ஒரே கோப்பாகப் பதிய வேண்டாம், நடுவில் கரண்ட் போனால் முழுதும் கெட்டுவிடும். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வெட்டிக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்று:
நானா சொன்னது சரி, ஆனால் பைசோவை நேரே அந்தக் கார்டில் குத்தினால் தாழ்ந்த சத்தமெல்லாம் போய்விடும், உங்களுக்கு வேண்டியதே அதுதானே. இடையில் ஒரு எஃப்இடி டிரான்சிஸ்டர் போட்டுச் சின்ன பஃபர் (பைசோவின் மெல்லிய சிக்னலைக் கார்ட் அமுக்கிவிடாமல் காக்கும் சுற்று) கட்டுங்கள். அப்புறம் நேரம். பை 3இல் பற்றறிக் கடிகாரம் இல்லை, இன்ரநெற்றும் இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும். வயலில் தண்ணீர் மட்டம் பார்க்க வைத்து மூன்று கிழமைத் தரவை இப்படித்தான் நான் நாசமாக்கினேன். டிஎஸ்3231 கடிகார மொடியூல் ஒன்று பூட்டிவிடுங்கள், நாலு வயர் வேலை.

வாவிக்கரையான்:
இரண்டு பேருக்கும் நன்றி. கார்டும் பஃபரும் போட்டுப் போயா (பௌர்ணமி) இரவு பதிந்தேன் (கடிகாரம் இன்னும் வாங்கவில்லை, தொடங்கிய நேரத்தைக் கொப்பியில் எழுதி வைத்தேன்). பாதிக் கோப்புகளில் பாலத்தால் போகும் பஸ்தான். ஒன்றில் மட்டும் விட்டு விட்டு ஒரு முனகல், துள்ளிக்குதித்து அம்மப்பாவுக்குப் போட்டுக் காட்டினால், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இது தோணி கல்லில உராயுற சத்தம், மனே” என்கிறார். அடுத்த போயாவுக்குப் பாலத்தை விட்டுத் தள்ளிப் போகலாம் என்றிருக்கிறேன். யாரிடமாவது சின்னத் தோணி இருக்கிறதா?