கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகேறப் போகும் ரோடு: சரிசெய்ய எந்த நிதியைக் கேட்பது?

வலசை ஆட்டோ:

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் ஒரு வலசையில், அதாவது சின்னக் கடலோர ஊரில், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற ரோடு இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். ஊரைத் தாண்டி இன்னும் அரை கிலோமீட்டர் போனால் கரை. வல்லங்கள் மீன் இறக்குவதும், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளைப் பார்க்க வருகிறவர்கள் படகேறுவதும் அங்கேதான்.

ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நடுவில் ஒரு முழ அகலத்துக்குத்தான் தார் மிச்சமிருக்கிறது. இரண்டு ஓரமும் அரித்துப்போய் ஜல்லி பல்லைக் காட்டுகிறது. எதிரே ஐஸ் பெட்டி வண்டி வந்தால் யார் மணலில் இறங்குவது என்று கண்ணாலேயே பேசி முடிவு செய்துகொள்வோம். கண்மாய்த் தண்ணீர் கடலுக்குப் போகிற ஓடை ஒன்று குறுக்கே வருகிறது. வாடைக்காலத்தில் அந்த இடம் முழங்கால் தண்ணீர். போன மழையில் பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை 108 வண்டி ஓடைக்கு அந்தப் பக்கமே நின்று வாங்கிக்கொண்டது. இந்தப் பக்கத்திலிருந்து தண்ணீருக்குள் ஆட்டோவை விட்டு நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

ஏர்வாடி தர்காவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் தீவையும் பார்த்துவிட்டுப் போகலாமே என்று காரைத் திருப்புகிறார்கள். ஓடையைப் பார்த்ததும் அப்படியே ரிவர்ஸ் எடுத்துவிடுகிறார்கள்.

ஓர் அலுவலகத்தில் கேட்டால் "அது பூங்காவுக்குப் போகிற ரோடு, வனத்துறையைப் பாருங்கள்" என்கிறார்கள். அங்கே போனால் "ரோடு எங்களுடையது இல்லை" என்கிறார்கள். தேசியப் பூங்கா என்றால் மத்திய அரசுப் பணம் வராதா? எந்தத் திட்டம், யாரிடம் மனு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாயல்குடிக்காரன்:

தேர்தல் வரட்டும் தம்பி, தார் தானாக வரும். அடுத்த மழையில் தானாகப் போகும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

மேலே உள்ள தம்பி சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து எஸ்டிமேட் போட்டே கண் போனவன் நான்.

முதலில் பூங்காவை விடுங்கள். 1986-ல் அறிவித்த அந்தத் தேசியப் பூங்கா என்பது 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாக் கடலும் சேர்ந்த 560 சதுர கிலோமீட்டர். எல்லையே தண்ணீருக்குள்தான் தொடங்குகிறது. உங்கள் ரோடு அதில் ஒரு சாண்கூட இல்லை. 1989-ல் வந்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர், அது பெரிய வட்டம். ஆனால் அந்தப் பெயருக்காக யாரும் தார் போட மாட்டார்கள். வனத்துறை கையை விரித்ததில் தப்பில்லை, அவர்கள் பணம் ரோந்துப் படகுக்கும் பவளப்பாறைக்கும் கடல்பசுவுக்கும் போகிறது. அந்த 21 தீவில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், எப்போதோ மூழ்கிவிட்டன. ஆனாலும் கணக்கில் 21 என்றே இருக்கிறது. கடலுக்குள் போன தீவு பதிவேட்டில் இருக்கிறது. தரையில் கிடக்கிற உங்கள் ரோடு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, பார்த்தீர்களா?

நிதியைத் தேடுவதற்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறை ரோடா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, கிராம ஊராட்சிச் சாலையா? நீங்கள் சொல்கிற இரண்டரை கிலோமீட்டர் அநேகமாக ஒன்றியச் சாலைப் பதிவேட்டில் இருக்கும். கடைசி அரை கிலோமீட்டர் எதிலும் இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். ரோடு ஊர் வரைக்கும் என்றுதான் எழுதுவார்கள். ஊரைத் தாண்டிக் கரை வரைக்கும் போவது சும்மா வண்டித்தடம். ஆக உங்களுக்கு வேண்டியது ஒரு ரோடு இல்லை, இரண்டு ரோடு. இரண்டுக்கும் பணம் வேறு வேறு பையிலிருந்து வர வேண்டும்.

ஊர் வரைக்கும் உள்ளதை எடுத்துக்கொள்வோம். பிரிவு முனையில் துருப்பிடித்த பெயர்ப்பலகை ஏதாவது நிற்கிறதா? பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் போட்டது என்றால் வேலை முடித்த தேதி அதில் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து 5 வருஷத்துக்குப் பராமரிப்பு காண்டிராக்டர் பொறுப்பு. அது தாண்டிவிட்டால் மாநில அரசின் தலையில். 2000 டிசம்பரில் தொடங்கியபோது முழுப் பணமும் டெல்லி கொடுத்தது, இப்போது 60 பங்கு அவர்கள், 40 பங்கு மாநிலம். அந்தத் திட்டத்தின் அடிப்படையே ஓர் ஊருக்கு ஒரு நல்ல ரோடு என்பதுதான். உங்கள் வலசைக்கு ஏற்கெனவே ஒன்று கிடைத்திருந்தால் இன்னொரு முறை அந்த வாசலில் நிற்பது வீண். 2024-ல் அறிவித்த நான்காம் கட்டமும் ரோடே இல்லாத ஊர்களுக்குத்தான்.

உங்களுக்குப் பொருந்துவது முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம். 2023 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 10,000 கிலோமீட்டர் ஊராட்சி ரோட்டை 4,000 கோடியில் மேம்படுத்துவது என்று. வகுத்துப் பாருங்கள், சராசரியாகக் கிலோமீட்டருக்கு 40 லட்சம். அந்தக் கணக்கில் உங்கள் இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு கோடி. நம் கரையில் கருங்கல் குவாரி கிடையாது, ஜல்லி தூரத்திலிருந்து வர வேண்டும், எஸ்டிமேட்டில் 'லீடு' என்கிற தூரச் செலவு ஏறும். அதனால் ஒரு கோடிக்கு மேலேதான் நிற்கும். எம்.எல்.ஏ. நிதி தொகுதி முழுவதற்கும் ஆண்டுக்கு 3 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரே வலசைக்குக் கொடுத்தால் மற்ற ஊர்க்காரர்கள் அவரைச் சும்மா விடுவார்களா? எம்.பி. நிதி 5 கோடி, ஆறு சட்டமன்றத் தொகுதிக்கு. அதனால் முழு ரோட்டுக்கு அவர்களிடம் போகாதீர்கள். ஓடைக்குப் போங்கள். ஒரு சிறுபாலம் என்றால் அவர்களும் யோசிக்காமல் எழுதிக் கொடுப்பார்கள், கல்வெட்டில் பெயரும் நிற்கும்.

ஓடையைப் பற்றி ஒன்று. மீன் வண்டியிலிருந்து ஒழுகுகிற உப்புத் தண்ணீர்தான் ரோட்டைத் தின்கிறது என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். உப்பு இரண்டாம் பட்சம். தாருக்குத் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் எமன். ஜல்லிக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் பிடிப்பு விட்டுவிடும், மேலே வண்டி ஏற ஏற ஜல்லி ஒவ்வொன்றாகக் கழன்று ஓடும். அப்புறம் ஓரம். நம் கடற்கரை மணல் காற்றிலேயே பறக்கும், தாரின் ஓரத்தைத் தாங்க அதற்குச் சக்தி கிடையாது. இரண்டு பக்கமும் அணைப்பாகச் சரளை பெர்ம் போட்டு இறுக்காமல் வெறும் 20 மில்லிமீட்டர் தார்க் கார்ப்பெட்டை மேலே விரித்துவிட்டுப் போனால் சாயல்குடித் தம்பி சொன்னதுதான் நடக்கும். எஸ்டிமேட்டில் சிறுபாலமும் பெர்மும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேலை நடக்கும்போது தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, வேலையைப் பார்வையிடவும் ஜல்லி, தார் மாதிரி எடுக்கவும் கேட்கலாம். பிரிவு 2 (ஜே). எங்களை அப்படிக் கேட்க ஆள் இருந்திருந்தால் நாங்களும் இன்னும் ஒழுங்காக வேலை வாங்கியிருப்போம்.

கடைசி அரை கிலோமீட்டருக்கு மீன்வளத்துறை. மீன் இறங்குதளத்துக்கு இணைப்புச் சாலை என்று கேளுங்கள். மீன்வள உட்கட்டமைப்புக்கென்றே தனி நிதி 2018-19-ல் தொடங்கியது. நபார்டு என்கிற ஊரக வளர்ச்சி வங்கி வழியாக வரும். வல்லம் எத்தனை நிற்கிறது, ஏலம் எந்த நேரம், எத்தனை வண்டி வந்து போகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சுற்றுலாப் பயணிகள் கணக்கை அதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஃபைல் சுற்றுலாத்துறைக்குப் போகும், அங்கே ராமேஸ்வரம் வரிசையில் முன்னால் நிற்கும்.

கரைக்காரி:

ஓவர்சியர் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு வருத்தம். பூங்கா பெயரையே எடுக்காதே என்கிறீர்கள். தீவுக்குக் கடல்பாசி எடுக்கப் போகக்கூடாது என்று எங்களைத் தடுத்தபோது அந்தப் பெயரைச் சொல்லித்தானே தடுத்தார்கள்? பாசி எடுத்த கைதான் இன்றைக்குப் படகுக்கு வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி விடுகிறது. டிக்கெட் பணம் கிராமக் குழுவுக்கு வருகிறது, உண்மைதான். ஆனால் டீசல், ஓட்டுகிறவர் கூலி, எஞ்சின் ரிப்பேர் போக ரோடு போடுகிற அளவுக்கு என்ன மிஞ்சும்? கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் படகே போகாத நாள் எத்தனை!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன் ஆட்டோத் தம்பி. ரோடு வேண்டும், அகல ரோடு வேண்டாம். பஸ் வந்து நிற்கிற அளவுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று மற்ற கரைகளைப் பார்த்தால் தெரியும். காலையில் வலை காயப் போடுகிற இடத்தில் பிரியாணிப் பொட்டலம் கிடக்கும். ஒரு வண்டி போக, எதிர் வண்டி ஒதுங்க இடம் இருந்தால் போதும். எனக்குப் பாசி மூட்டை போக வேண்டும், தண்ணீர் லாரி வர வேண்டும், பள்ளிக்கூட வேன் ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கக்கூடாது. அவ்வளவுதான்.

கீழக்கரை - ஷார்ஜா:

கரைக்காரி லாத்தா (அக்கா) சொல்வது சரி. அகலம் வேண்டாம்.

ஓவர்சியர் காக்கா (அண்ணன்), 'நமக்கு நாமே' திட்டத்தை விட்டுவிட்டீர்களே. மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். எங்கள் பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம், ஒரு ரமலானில் கேட்டால் சேர்ந்துவிடும். முழு ரோட்டுக்கும் கட்ட முடியாது, சிறுபாலத்துக்கு முடியும். பள்ளிவாசல், கோயில், மாதா சர்ச் மூன்று பேரும் சேர்ந்து கேட்டால் நாங்களும் தைரியமாக அனுப்புவோம்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் ரோட்டையும் எஸ்டிமேட்டில் கேளுங்கள். சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் துண்டைத் தூவி, பிறகு தார் சேர்ப்பது. தண்ணீர் புகாது. கரையில் ஒதுங்குகிற கேரி பேக்குக்கும் ஒரு வழி கிடைக்கும்.

வலசை ஆட்டோ:

எல்லோருக்கும் நன்றி. பெயர்ப்பலகையைப் போய்ப் பார்த்தேன். சீமைக்கருவேலத்துக்குள் சாய்ந்து கிடக்கிறது. பெயின்ட் உரிந்து தேதி தெரியவில்லை, காண்டிராக்டர் பெயரில் பாதி இருக்கிறது. பழைய ஆட்கள் சொல்வதைப் பார்த்தால் 5 வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது. கரையோர அரை கிலோமீட்டரில் தார் போட்டால் கடற்கரை ஒழுங்குமுறை என்று யாராவது தடுப்பார்களா? மனுவை எப்படி எழுதுவது என்றும் சொல்லுங்கள் ஐயா.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

நமக்கு நாமே நல்ல யோசனை, ஷார்ஜா தம்பி. ஆனால் பணத்தைச் சேர்ப்பதற்கு முன் எஸ்டிமேட்டை வாங்குங்கள். சேர்த்து வைத்த பணம் ஊரில் சும்மா இருந்தால் சண்டைதான் வளரும். பிளாஸ்டிக் ரோடு பற்றியும் ஆட்சேபணை இல்லை, ஓடையைக் கட்டிய பிறகு.

கரையோரத் துண்டு, கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகிற கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும். அங்கே தார் கேட்காதீர்கள், பேவர் பிளாக் கேளுங்கள். இருக்கிற தடத்திலேயே, இருக்கிற அகலத்திலேயே. அனுமதி வேண்டியிருந்தால் மாவட்டக் கடலோர மண்டலக் குழுவிடம் துறையே கேட்டுக்கொள்ளும். கல் உள்வாங்கினால் பெயர்த்து மறுபடி பதிக்கலாம், மணல் மூடினால் கூட்டிவிடலாம். அகலப்படுத்தும் பேச்சை எடுத்தால்தான் நில எடுப்பு, பனைமரம், பட்டா என்று வருஷம் ஓடும். கரைக்காரி அம்மா அகலம் வேண்டாம் என்றது உங்கள் ஃபைலுக்கும் நல்லது. அவர் கேட்டபடி பூங்காவுக்கு மனுவில் ஒரு வரி கொடுத்துவிடுவோம், கடைசி வரியாக.

திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் ஒன்று, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைத் திட்ட இயக்குநருக்கு ஒன்று, மீன்வளத்துறைக்குத் தனியாக ஒன்று. மூன்றிலும் கிராம சபைத் தீர்மான நகல் வேண்டும். ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர் வந்தபோதும் கிராம சபை கூடத்தான் செய்தது. நவம்பர் 1, ஜனவரி 26, எது முன்னால் வருகிறதோ அதில் ஏற்றுங்கள்.

மனு இப்படி:

"கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து எங்கள் ஊர் வரை செல்லும் ஊராட்சி ஒன்றியச் சாலை (பதிவேட்டு எண் இங்கே) பழுதடைந்துள்ளது. ஓடை குறுக்கிடும் இடத்தில் சிறுபாலம் இல்லாததால் மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ், பள்ளி வாகனம், குடிநீர் லாரி வர இயலவில்லை. சாலையை இருபுறமும் சரளை பெர்முடன் இருக்கும் அகலத்திலேயே புதுப்பித்து, ஓடையில் சிறுபாலம் அமைத்துத் தர வேண்டுகிறோம். மீன் இறங்குதளம் வரையுள்ள தடத்திற்கு மீன்வளத்துறைக்குத் தனியே மனு அளித்துள்ளோம். வனத்துறைப் படகுக்கு வரும் பயணிகளும் இச்சாலையையே பயன்படுத்துகின்றனர்."

ஓடை நிறையத் தண்ணீர் நிற்கிற படம் ஒன்றை வைத்துத் தையுங்கள். கோடையில் எடுத்த படம் வேண்டாம், வறண்ட ஓடையைப் பார்த்தால் பாலம் எதற்கு என்பார்கள். ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள்.