சேர்த்த ஆளுக்கு நிழல் போட்ட அனுபவம்

ஒரு குடும்பப் படத்தில், அன்று வர முடியாத தம்பியைச் சேர்த்துத் தரச் சொன்னார்கள். ஆளை வெட்டி எடுப்பது, முடி ஓரத்தைச் சரிசெய்வது எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது, நேரத்தைத் தின்றது நிழல்தான்.

பலரும் வெட்டிய உருவத்தையே நகலெடுத்து, கறுப்பு நிரப்பி, டிஸ்டார்ட் (படத் திருத்த மென்பொருளில் உருவத்தை இழுத்து வளைக்கும் வசதி) போட்டுத் தரையில் சாய்ப்பார்கள். வெயில் கேமராவுக்குப் பின்னாலிருந்தோ எதிரிலிருந்தோ வந்தால் அது ஓரளவு போதும். இந்தப் படத்தில் வெயில் பக்கவாட்டில். சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் என்ன வடிவம் தெரியுமோ அதுதான் நிழலாக விழும், கேமராவுக்குத் தெரியும் வடிவம் அல்ல. தம்பி இடுப்பில் கை வைத்து நேராகப் பார்த்து நிற்கிறார், ஆனால் அந்த முழங்கை இடைவெளி பக்கவாட்டு வெயிலில் நிழலில் வராது. அதனால் இடைவெளியை அடைத்து, உடலை ஒடுக்கி, மூக்கு தெரிகிற மாதிரி பென் டூலில் (கோடு போட்டு வடிவம் வரையும் கருவி) புதிதாகவே வரைந்தேன். நீளத்துக்கும் சாய்வுக்கும் பக்கத்தில் நிற்பவரின் நிழல்தான் அளவுகோல்.

அப்புறம் பிளர், அதாவது ஓரத்தை மங்கலாக்குவது. முழு நிழலுக்கும் ஒரே அளவு பிளர் போட்டால் ஆள் மிதக்கிற மாதிரி இருக்கும். சூரியன் வானத்தில் ஏறக்குறைய அரை டிகிரி அகலம் இருப்பதால், பொருளுக்கும் நிழலுக்கும் ஒரு மீட்டர் தூரம் என்றால் ஓரம் சுமார் 9 மில்லிமீட்டர் மங்கும். ஆகவே செருப்பு ஓரத்தில் கூர்மை, தலைப் பக்கம் போகப் போக மங்கல். செருப்புக்கு அடியில் அந்த மெல்லிய கருங்கோட்டை மட்டும் தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) போடுங்கள், ஆளைத் தரையில் நிற்க வைப்பது அதுதான்.

நிறத்துக்குக் கறுப்பு வேண்டாம். திறந்த வெளியில் நிழல் விழுந்த இடத்துக்கு வானத்தின் வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கும், அதனால் லேசாக நீலம் தட்டும். கர்வ்ஸ் லேயர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் ஏற்றி இறக்கும் அடுக்கு) போட்டு, அது நிழல் பகுதியில் மட்டும் வேலை செய்யும்படி வரைந்த வடிவத்தை மாஸ்க்காக வைத்து, சிவப்பை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் இறக்கினேன். பக்கத்து நிழலோடு பொருந்திவிட்டது.

கடைசியாக ஒரு சிக்கல்: தம்பியின் நிழல் அக்காவின் நிழல் மேல் விழுந்த இடம் இரட்டிப்பாகக் கறுத்தது. நிஜத்தில் அப்படி நடக்காது, வெயிலை மறைக்க ஒரு ஆளே போதும். அந்த இடத்தை மட்டும் மாஸ்க்கில் அழித்தேன்.

பல விளக்குகள் எரிகிற அறைக்குள் எடுத்த படத்துக்கு இப்படி நிழல் போட்டவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், அடுத்து எனக்கு வந்திருப்பது அப்படி ஒரு படம்.