சைனஸ் தலைவலியா, மைக்ரேனா? கேள்வித்தாளுக்கு உதவி தேவை

வணக்கம். "எனக்கு சைனஸ்" என்று சொல்லிக்கொண்டே வருபவர்களிடம் கேட்க ஒரு பக்கக் கேள்வித்தாள் தயாராகிறது. திருத்தம் சொல்லுங்கள்.

இப்போது உள்ளவை: குமட்டுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா, அன்றைய வேலை கெடுகிறதா. இரண்டுக்கு 'ஆம்' என்றால் மைக்ரேன் பக்கம். வலி 4 முதல் 72 மணி நேரத்தில் தானாக அடங்கி, பிறகு திரும்பத் திரும்ப வந்தாலும் அதே பக்கம்தான். சைனஸ் தொற்று என்றால் கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சளி, மூக்கடைப்பு, வாசனை தெரியாமை, சில சமயம் காய்ச்சல். தொற்று ஆறினால் வலியும் போகும்.

"குனிந்தால் கூடுகிறதா" என்பதை எடுத்துவிட்டோம், மைக்ரேனிலும் கூடும். மூக்கில் தண்ணீர் வடிவதும் அப்படித்தான்: முகத்தின் முக்கிளை நரம்பு தூண்டப்பட்டால் கண்ணும் மூக்கும் சேர்ந்தே கசியும். பலரை ஏமாற்றுவது இதுதான். ஸ்கேனில் சைனஸின் உட்சவ்வு லேசாகத் தடித்திருப்பதும் (வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும்!) ஆதாரமாகாது.

சிக்குவது இரண்டு இடத்தில். ஸ்பீனாய்டு சைனஸில் (மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் இருப்பது) தொற்று வந்தால் மூக்கில் ஒன்றும் தெரியாமல் உச்சந்தலையோ பின்தலையோ வலிக்கலாம்; அதை எப்படிக் கேட்டுப் பிடிப்பது? மூன்று மாதத்துக்கு மேலாக, மாதம் 15 நாளாவது பாராசிட்டமால் விழுங்குபவர்களின் மாத்திரைத் தலைவலியை (மாத்திரை அதிகமானதாலேயே வருவது) எந்தக் கேள்வியில் பிரிப்பது? நீங்கள் ஓ.பி.யில் கேட்கும் வாக்கியத்தை அப்படியே எழுதினால் போதும்.