மறுமொழி: டெம்பரிங்குக்குப் ‘பதச்சூடு’

அனைவருக்கும் வணக்கம்.

டெம்பரிங் என்றால் கடினமாக்கிய எஃகை மறுபடி மிதமாகச் சூடேற்றி நொறுங்காமல் பார்த்துக்கொள்வது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்தப் பேச்சில் ஐயா ஒருவர் சொன்ன ‘பதப்படுத்தல்’ எனக்கு ஒப்பவில்லை. மீனையும் பதப்படுத்துகிறோம், தோலையும் பதப்படுத்துகிறோம். போதாததற்கு ஹார்டனிங் (கடினமாக்குவது), அனீலிங் (சூடேற்றி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்குவது) எல்லாவற்றுக்கும் இதே சொல்லை எழுதுகிறார்கள். பட்டறையில் இப்படிக் குழம்பினால் உருப்படி பாழ்.

நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உலை வேலை பார்ப்பவன். பேரிங் எஃகில் சுமார் 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். 840 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி எண்ணெயில் முக்கினால் பெரும்பகுதி மார்டென்சைட் என்ற மிகக் கடினமான உள்ளமைப்பாகிவிடும். அரம் போட்டால் வழுக்கும். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 64, 65 காட்டும். ஆனால் நொறுங்கும். ஒரு சனிக்கிழமை மாலை முக்கியெடுத்த வளையங்களை, திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுப் போனேன். வந்து பார்த்தால் யாரும் தொடாமலே நாலு வளையம் வெடித்துக் கிடந்தது.

அதனால்தான் கையோடு 150 முதல் 180 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பது. கடினம் 60, 62-க்கு இறங்கும். உள்ளிறுக்கம் தளர்ந்து சுமை தாங்கும். சூடு 300-ஐத் தாண்டினால் 58-க்கும் கீழே போய், குண்டு உருளும் தடம் சீக்கிரம் தேயும். பதம் பார்த்து வைக்கிற சூடு இது. ஆகவே ‘பதச்சூடு’.

கொல்லர் சொல்லான ‘துவைச்சல்’ போதுமே என்று இங்கே ஓர் அம்மா எழுதியிருந்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் கொல்லர் அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுப்பார். முதுகில் நிற்கும் சூடு வாய்க்கு ஏறி வைக்கோல் நிறம் தட்டியதும் முழுசாக முக்கிவிடுவார். முக்குவதும் டெம்பரும் அவருக்கு ஒரே கைவேலை. எங்களுக்கோ இரண்டு உலை, இரண்டு வேலைச்சீட்டு. துவைச்சலைக் குவென்ச்சிங்குக்கு, அதாவது முக்குவதற்கு, மட்டும் வைத்துக்கொள்வோம்.

அனீலிங்குக்கு ‘உலையாற்றல்’ வேண்டாம். உலையில் ஆற்றுவது என்று யார் படிப்பார்கள்? கல்பாக்கம் அணு உலைதான் நினைவுக்கு வரும். முக்கியெடுத்த பின்னும் மார்டென்சைட்டாக மாறாமல் நிற்கும் பகுதிக்கு ‘எஞ்சிய ஆஸ்டெனைட்’ சரி, அப்படியே இருக்கட்டும்.

நேற்று வேலைச்சீட்டில் ‘பதச்சூடு, 170’ என்று எழுதிக் கொடுத்தேன். பையன் ஒருமுறை படித்துவிட்டு, “டெம்பர் தானேண்ணே?” என்றபடி சின்ன உலைப் பக்கம் போனான்.