வலி எனக்கு, அழுகை அவளுக்கு

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். என் பெரியப்பா கூத்துக்காரர், ஸ்திரீ வேஷம் கட்டுபவர். சுற்றுவட்டாரத்தில் பாரதக் கூத்து என்றால் திரௌபதை வேஷத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் என் கனவில் வந்தார். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஆனால் அவரைச் சொல்லாமல் கனவைச் சொல்ல முடியாது.

எனக்கு ஒன்பது வயசிருக்கும்போது கோடை லீவில் அவர் கூடவே போவேன். கண்ணாடி பிடிப்பது என் வேலை. அரிதாரத்தை எண்ணெய் விட்டுக் குழைத்து நெற்றியிலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வருவார். தாடை ஓரத்தில், காதுக்குக் கீழே, பூச்சு நிற்கிற இடத்தில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலி, இந்தப் பக்கம் வெயிலில் கறுத்த பெரியப்பா. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். மை தீட்டி, பொட்டு வைத்து, சவுரி கட்டி முடித்ததும், "இனிமே பெரியப்பான்னு கூப்பிடாதடா" என்பார். குரலில் கோபமே இருக்காது. கோயில் வாசலில் செருப்பை விட்டுட்டு வா என்று சொல்கிற மாதிரிதான் இருக்கும்.

துகிலுரிதல் இரவில் ஊரே விழித்திருக்கும். துச்சாதனன் கட்டுகிறவர் பெரியப்பாவின் உயிர் சிநேகிதர், பகலில் செங்கல் சூளையில் வேலை. சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கூத்து அப்படியே நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். அந்த மனுஷன் கிரீடத்தோடு தரையில் விழுந்து, "தாயே, இது வேஷம், பொறுத்துக்கோ" என்று கும்பிட்டுவிட்டு எழுந்து, அடுத்த நொடி முடியைப் பிடித்து இழுப்பார். கூட்டத்தில் ரெண்டு மூணு பெண்களுக்கு ஆவேசம் வந்துவிடும். பெரியப்பா அழுகிற அழுகையைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன்.

விடிந்ததும் பம்புசெட்டில் முகம் கழுவிவிட்டு ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஒருநாள் கேட்டேன், "வலிச்சுதா பெரியப்பா? அப்படி அழுதீங்களே?" அவர் சொன்னார்: "முடியைப் புடிச்சா வலிக்கிறது எனக்குடா. அழுவுறது அவ."

இப்போது கனவு. சென்னையில் எங்கள் வீட்டு பால்கனி. பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார், பாதி முகத்துக்குத்தான் அரிதாரம். "கண்ணாடியை நேரா புடி" என்கிறார். நான் அரை டிரவுசரில் ஒன்பது வயசுப் பையன். ஆனால் என் வாயிலிருந்து வருவது: "பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும் பெரியப்பா, இந்த மாசம் ரொம்ப டைட்டா இருக்கு." அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். ஒன்பது வயசுப் பையனுக்கு ஏது பாப்பா, இவர்தான் இறந்துவிட்டாரே, எதுவுமே எனக்குத் தோன்றவில்லை. விழித்தபோது தலையணை நனைந்திருந்தது.

அவர் நினைவு வந்து அழுதேன் என்பது சரிதான். ஆனால் அடுத்த சில நாட்கள் என்னைத் தூங்க விடாதது வேறு. அங்கே கண்ணாடி பிடித்தவன் யார்? அந்தப் பையனா, ஃபீஸ் கட்ட வழி தேடுகிற அப்பனா? ரெண்டு பேரும் ஒரே வாயில் பேசினார்களே.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் பாடம் சொல்கிறார். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்தது, பன்னிரண்டே சூத்திரம். நான் போயிருந்த வாரம் மூன்றாம் சூத்திரம் நடந்துகொண்டிருந்தது. உயிர் என்று ஒன்று உண்டா என்பதற்கு அதில் காரணங்களை அடுக்குகிறார். இதுவும் நான் இல்லை, அதுவும் நான் இல்லை, ஆகவே நான் என்று எதுவுமே இல்லை என்கிறாயே, அப்படிச் சொல்கிறவன் ஒருத்தன் உண்டே, அவன்தான் உயிர். 'எனது உடல்' என்கிறாய், 'எனது வீடு' என்றால் நீ வீடு ஆகிவிடுவாயா? அப்புறம் வந்தது 'ஒடுக்கம் அறிதலின்'. புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிகிறதே, அது எது?

ஐயா கணக்குப் போட்டார். நனவில் உயிரோடு நின்று தொழில் செய்யும் கருவிகள் (புலன், மனம், மூச்சு மாதிரி) 35, கனவில் 25, உறக்கத்தில் 3. கனவில் நின்றுபோகிற பத்து எவை? கண், காது முதலான ஐந்து, கை, கால், வாய் முதலான ஐந்து. எழுதிக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். கண் நின்றுபோன பிறகும் அந்தப் பாதி முகத்து அரிதாரத்தை நான் பார்த்தேனே!

ஒரு சந்தேகம் கேட்டேன். "'என் உயிர்' என்றும்தான் சொல்கிறோம் ஐயா. அப்போ உயிர் வேறு, நான் வேறா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "என் கை, என் கனவு, என் உயிர், எல்லாம் சொல்லலாம். 'என் நான்'னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?" இது முழுப் பதிலா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கண்ணாடி பிடித்த பையனையும் ஃபீஸ் கட்டுகிற அப்பனையும் 'என்' என்று சொல்ல ஒருவன் இருக்கிறான் என்பது அன்றைக்குப் பிடிபட்டது.

கனவு என்றதும் எல்லோரும் பழைய சீனத்து ஞானி சுவாங்சுவின் வண்ணத்துப்பூச்சியைச் சொல்வார்கள். பூச்சியாகக் கனவு கண்டவன் விழித்து, நான் பூச்சியைக் கனவு கண்டேனா, பூச்சி என்னைக் கனவு காண்கிறதா என்று கேட்ட கதை. அதோடு நிறுத்திவிடுகிறோம். கதை அங்கே முடியவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு வேறுபாடு இருந்தே தீர வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். எனக்கு அந்த வரிதான் வேண்டியிருக்கிறது.

அதே மாசம் என் மகளோடு டாக்டர் விளையாட்டு. அவளுக்கு அப்போது ஐந்து வயசு. பேனாவால் ஊசி போட்டாள். நான் "ஐயோ!" என்று கொஞ்சம் நன்றாகவே கத்திவிட்டேன். பேனா கீழே விழுந்தது, கீழுதடு துடித்தது. "அப்பா, வெளையாட்டுக்குத்தான்பா." நான் சிரித்ததும் உடனே குனிந்து பேனாவை எடுத்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட வந்தா அழக் கூடாது" என்றாள். போனாள், வந்தாள், ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அவளுக்குக் கோடு தெரிகிறது. பெரியப்பாவுக்கும் தெரிந்தது. கனவில்தான் எனக்குக் கோடே தெரியவில்லை.

* * *

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கனவில் கோடு தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு தடவை தெரிந்திருக்கிறது.

அடிக்கடி வருகிற கனவு. பிளஸ் டூ கணக்குப் பரீட்சை, ஹால் டிக்கெட் இல்லை, கேள்வித்தாளில் எழுத்தே இல்லை. ஒரு ராத்திரி அந்தப் பயத்துக்கு நடுவிலேயே, 'நான் பாஸ் பண்ணிப் பதினாறு வருஷம் ஆச்சே' என்று தோன்றியது. ஹால் அப்படியே இருக்கிறது, மேற்பார்வை டீச்சர் நடக்கிறார், பயம் மட்டும் போய்விட்டது. டெஸ்க்கில் காம்பஸால் கீறின ஒரு பெயரைப் படித்தேன். திரும்பப் படித்தபோது வேறு பெயராக இருந்தது.

நான் லேப் டெக்னீஷியன். அதனால் இதைத் தேடிப் படித்தேன். 1975இல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். கனவு வருகிற தூக்கத்தில் கை கால் அசையாது, விழி மட்டும் அசையும். ஆலன் வொர்ஸ்லி என்ற ஆள் தூங்கிக்கொண்டே, கனவு என்று தெரிந்ததும், முன்பே பேசிவைத்தபடி விழியை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். கருவியில் அது கோடாக விழுந்தது. உங்கள் ஐயாவின் கணக்கில் கண்ணும் நின்றுபோகிறது. ஆனால் அங்கே கண்தான் உள்ளிருந்து சேதி சொல்லியிருக்கிறது. இதை அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணா.

* * *

கேட்டேன் தங்கச்சி. "விழி அசையறது வேற, பார்க்கிறது வேற. அந்த ஆள் விழியை அசைச்சார், அதால எதையும் பார்க்கலையே" என்றார். பிறகு, "ஆனா அசைக்கச் சொன்னது யாரு, அதை யோசிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கனவு என்று தெரிந்ததும் கலைந்துவிடவில்லையா? எவ்வளவு நேரம் நின்றது? அதற்குப் பழகிக்கொள்ள முடியுமா? பெரியப்பா இன்னொரு தடவை வந்தால், அவர் இல்லை என்று தெரிந்துகொண்டே, கை நடுங்காமல் அவருக்குக் கண்ணாடி பிடிக்க வேண்டும். பாதி முகம் இன்னும் பாக்கி இருக்கிறது.